அப்பாவுக்கு நான் மூக்காக இருந்த வருடம்

எங்கள் வீட்டில் லட்சணமான மூக்கு என்றால் அது அப்பாவுடையதுதான். நேராக இறங்கி நுனியில் கொஞ்சம் வளைந்திருக்கும். பக்கவாட்டில் பார்த்தால் காலண்டர் படத்தில் வரும் ராஜா மாதிரி இருப்பார். எனக்கு வாய்த்தது அம்மா வழி மூக்கு. யாரோ பெருவிரலால் அழுத்திவிட்டது போலச் சப்பையாக இருக்கும். கல்யாண வீடுகளில் என்னைப் பார்க்கும் சொந்தக்காரப் பெண்கள், அப்பன் மூக்கு வந்திருக்கலாம் என்று என் முகத்துக்கு நேராகவே வருத்தப்படுவார்கள். அந்தச் சப்பை மூக்கு ஒரு வருடம் எங்கள் வீட்டுக்குச் சோறு போட்டது அவர்களில் யாருக்கும் தெரியாது. வெளியே மூச்சுவிடக் கூடாது என்று அம்மா என் கையைத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கியிருந்தாள்.

அப்பா சமையல் மாஸ்டர். திருமயத்தைச் சுற்றியிருக்கும் ஊர்களில் பெரிய பெரிய வீடுகள் வருடம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும். வீட்டுக்காரர்கள் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் மலேசியாவிலும் இருப்பார்கள். கல்யாணம், அறுபதாம் கல்யாணம், படைப்பு என்று ஏதாவது வந்தால் ஹைவேயிலிருந்து வரிசையாகக் கார்கள் ஊருக்குள் திரும்பும். பூட்டுகள் திறக்கும், அப்பாவைத் தேடி ஆள் வரும். கல்யாணச் சமையலுக்கு அந்தப் பக்கம் மாஸ்டர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் படைப்பு என்றால் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள்.

படைப்பு என்பது குடும்பத்தில் முன்னே போய்ச் சேர்ந்தவர்களுக்கு வருடத்தில் ஒரு நாள் சமைத்து இலை போடுவது. பங்காளிகள் அத்தனை பேரும் கூடுவார்கள். போனவர்கள் சாப்பிட்ட பிறகுதான் இருப்பவர்களுக்கு இலை. அதனால் சமைக்கிறவர் ருசி பார்க்கக் கூடாது. உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்ப்பதெல்லாம் கல்யாண வீட்டோடு சரி. எச்சில் தெறித்துவிடும் என்று வாயையும் மூக்கையும் சேர்த்துத் துண்டால் கட்டிக்கொள்ள வேண்டும், பேசவும் கூடாது. சாமிக்குப் போடுகிற பூவை யாரும் மோந்து பார்ப்பதில்லை அல்லவா, அது மாதிரி படையலுக்கு வேகிற சோற்றையும் குனிந்து மோந்து பார்க்கக் கூடாது. ஆனால் அடுப்பருகில் நிற்கிறவர் மூக்கில் துண்டையும் தாண்டி ஆவி தானாக ஏறினால் அதற்கு யார் என்ன செய்ய முடியும்? அந்தத் தானாக ஏறுகிற வாசத்தை வைத்துக்கொண்டே அப்பா உப்பு, புளி, பக்குவம் எல்லாம் சொல்லிவிடுவார். துண்டுக்கு மேலே கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு கையால் சைகை காட்டுவார், உதவியாள் ஒரு கை உப்பை அள்ளிப் போடுவார். இலையில் உட்கார்ந்தவர்கள் குறை சொல்லி நான் கேட்டதில்லை.

நான் நாலாம் வகுப்புப் படித்த வருடம் கார்த்திகையில் அப்பாவுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. சளி நெஞ்சைக் கட்டி, பேச்சே கரகரவென்று ஆகிப் படுத்தே கிடந்தார். காய்ச்சல் விட்டுப் போகும்போது கூடவே ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனது அப்போது எங்களுக்குத் தெரியவில்லை. ஒரு நாள் காலையில் அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அம்மா கொல்லையிலிருந்து கத்திக்கொண்டு ஓடிவந்தாள்.

"ஏங்க, பால் பொங்கித் தீயுது! தெரு வரைக்கும் நாறுது. பக்கத்துலயே குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருக்கீங்க?"

அப்பா பேப்பரைக் கீழே வைத்துவிட்டு அடுப்பைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். எழுந்துபோய் அலமாரியிலிருந்த டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். மல்லித்தூள், பெருங்காயம், சுக்கு, கடைசியில் ஸ்டவ்வுக்கு வைத்திருந்த மண்ணெண்ணெய் கேன் வரைக்கும் திறந்து முகத்துக்கு நேரே பிடித்தார். தின்பதற்கு ஏதோ தேடுகிறார் என்று நினைத்து, முறுக்கு தூக்குவாளியில் இருக்கிறது என்று நான் கெட்டிக்காரத்தனமாகச் சொன்னேன். "எல்லாம் இருக்கு ஆத்தா, ஒண்ணும் வரல" என்றார். அப்பா செல்லமாக இருக்கும்போது என்னை ஆத்தா என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்குச் செல்லமாகத் தெரியவில்லை.

புதுக்கோட்டையில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனோம். அவர் அந்த அழகான மூக்குக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, வந்தாலும் வரும், வராமலும் போகும், காத்திருங்க என்றார். காத்திருக்கிறதுக்கு எதுக்கு டாக்டர் என்று அம்மா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் புலம்பிக்கொண்டே வந்தாள். தைலம் போட்டு ஆவி பிடித்துப் பார்த்தார்கள். துளசி, தூதுவளை, யார் யாரோ சொன்ன வேர் எல்லாம் அரைத்துக் குடித்தார். ஒன்றும் நடக்கவில்லை.

நாக்கு மட்டும் இருந்தது. ஆனால் நாக்கு தனியாளாக எவ்வளவு கொஞ்சம் வேலை பார்க்கிறது என்பது அப்போதுதான் எங்கள் வீட்டில் தெரிந்தது. உப்பு, புளிப்பு, இனிப்பு, உறைப்பு, கசப்பு, அதோடு அதன் சங்கதி தீர்ந்தது. ரசத்துக்கும் புளித்தண்ணீருக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று அம்மாவிடம் அப்பா மெதுவாகச் சொன்னதைக் கேட்டேன். ஊருக்கெல்லாம் சமைத்துப் போட்டவர் தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்திருக்க ஆரம்பித்தார். சட்டை தோளில் தொங்கியது.

மாசியில் பெரிய வீட்டுப் படைப்பு வந்தது. அந்த வீட்டுச் சமையல் அப்பாவுக்கு வருடா வருடம் வருவது, அதைப் பார்த்துத்தான் மற்ற வீடுகளும் கூப்பிடும். கல்யாணச் சமையல் என்றால் உதவியாளை ருசி பார்க்கச் சொல்லிச் சமாளித்துவிடலாம். படைப்பில் யாருமே வாயில் வைக்கக் கூடாது, அங்கே முழுக்க முழுக்க மூக்கு வியாபாரம். மூக்குப் போன மாஸ்டர் என்று ஒரு பேச்சுக் கிளம்பினால் போதும், அதன் பிறகு எங்கள் வாசலுக்கு ஒருவரும் வரமாட்டார்கள். அம்மாவுக்கு நல்ல மூக்கு. ஆனால் கோட்டை அடுப்புப் பக்கம் ஆண்கள் வேலை பார்க்கிற இடத்தில் மாஸ்டர் சம்சாரம் போய் நின்றால் ஏன் எதற்கு என்று கேள்வி வரும். சின்னப் பிள்ளை என்றால் யாரும் கேட்கமாட்டார்கள். புள்ளையக் கூட்டிட்டுப் போங்க என்று அம்மாதான் சொன்னாள்.

அன்று சாயங்காலமே பழக்கம் ஆரம்பித்தது. அம்மா வாணலியில் எதையாவது வறுப்பாள். நான் கண்ணை மூடிக்கொண்டு அடுப்பிலிருந்து தள்ளி உட்கார்ந்திருப்பேன். மோந்து பார்க்காதே, சும்மா இரு, என்ன வருகிறதோ அதைச் சொல் என்பார் அப்பா. படைப்பு வீட்டில் அப்படித்தான் இருக்க வேண்டும் அல்லவா, அதற்கு ஒத்திகை.

"நல்ல வாசம்" என்பேன்.

"நல்ல வாசம்னா ஒண்ணுமில்ல ஆத்தா. என்ன வாசம்?"

"பருப்பு வாசம்."

"அது பருப்புன்னு எனக்கே தெரியுது, கண்ணு இருக்குல்ல. எப்படி இருக்கு, அதச் சொல்லு."

நான் முழித்தேன். இன்று யோசித்தால் அந்த வயதுப் பிள்ளை முழித்ததில் தப்பே இல்லை என்று தோன்றுகிறது. நிறத்துக்குப் பெயர் இருக்கிறது. சிவப்பு என்றால் ரத்தத்தையோ மிளகாயையோ காட்ட வேண்டியதில்லை, சிவப்பு என்றாலே போதும். ருசிக்கும் பெயர் இருக்கிறது. வாசனைக்கு மட்டும் நம்மிடம் சொந்தப் பெயர் இல்லை. மல்லி வாசம், மீன் வாடை, மண்ணெண்ணெய் நெடி என்று அது எதிலிருந்து வந்ததோ அந்தப் பொருளின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறோம். மற்றபடி நல்லது, கெட்டது, பச்சை, காந்தல் என்று கை விரல்களுக்குள் அடங்கிப் போகும். அப்பாவுக்கு எல்லா வாசனையும் ஞாபகத்தில் இருந்தது, மூக்கில் இல்லை. எனக்கு மூக்கில் இருந்தது, சொல்லத்தான் வரவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு வாணலி காய்ந்துகொண்டிருந்தது.

முதல் வார்த்தை எப்படி வந்தது என்று நன்றாக நினைவிருக்கிறது. அம்மா பாசிப்பருப்பு வறுத்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் ஒன்றுமே வரவில்லை. பிறகு கதகதவென்று ஏதோ வந்து முகத்தில் மோதியது. "வெயில்ல காஞ்ச போர்வை" என்றேன். சொன்ன பிறகு எனக்கே வெட்கமாக இருந்தது. அம்மா சிரித்துவிட்டாள். அப்பா சிரிக்கவில்லை. கண்ணை மூடினார். அவர் தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கியது. "எறக்கு எறக்கு, பதம் வந்திருச்சு" என்று அம்மாவை அவசரப்படுத்தினார். அம்மா வாணலியை இறக்கிப் பார்த்தாள். பருப்பு பொன்னாக, சரியான பக்குவத்தில் இருந்தது.

அதன் பிறகு எனக்குக் குளிர்விட்டுப் போனது. மசாலா இன்னும் பச்சையாகக் கொதித்தால் புதுசாகச் சுண்ணாம்பு அடித்த ஸ்கூல். வெல்லப்பாகு கொதித்தால் கரும்பு லாரி போன ரோடு. ஏலக்காய் தட்டிப் போட்டால் மலேசியா மாமாவின் பெட்டி. அம்மாவின் தம்பி அங்கே ஹோட்டலில் வேலை பார்த்தார். லீவில் வந்து எங்கள் வீட்டு நடுவில் பெட்டியைத் திறக்கும்போது சோப்பும் செண்டும் புதுத்துணியும் கலந்து ஒன்று கிளம்பும், அதுதான் ஏலக்காய். அடியில் பிடித்துத் தீய ஆரம்பித்தால் எங்கள் தெரு முனையில் நிற்கும் இஸ்திரி வண்டி, ஈரத்துணியில் கரிப்பெட்டியை வைத்தவுடன் வருவது. நெய் உருகி முறுகி வந்தபோது தீபாவளிக்கு முந்தின நாள் என்றேன். அது வாசனையே இல்லை, ஒரு தேதி. அப்பாவுக்கு அதுவும் புரிந்தது.

ஒவ்வொரு வார்த்தைக்கும் அவர் கண்ணை மூடி, விழுங்குவார். ஆளுக்குப் பசிதான் எடுக்கிறது என்று எனக்குத் தோன்றும். "அம்மா, அப்பாவுக்குப் பசிக்குது" என்று ஓடிப்போய்த் தட்டை வைக்கச் சொல்வேன். அம்மா அவசரமாகப் போட்டுக் கொண்டுவருவாள். அவர் வழக்கம் போலப் பாதியில் எழுந்துவிடுவார்.

படைப்பு நாள் ஸ்கூலுக்கு வயிற்றுவலி என்று லீவு போட்டேன். விடிந்ததும் மொபெட்டில் போய் இறங்கினோம். பெரிய வீட்டின் பின்கட்டில், மேலே திறந்த முற்றத்தை ஒட்டி, கோட்டை அடுப்பு வெட்டி விறகு எரிந்துகொண்டிருந்தது. அது நீளமாகப் பள்ளம் வெட்டி வரிசையாக அண்டாக்களை ஏற்றும் அடுப்பு. அப்பாவும் உதவியாட்கள் இரண்டு பேரும் குளித்து, ஈர வேட்டியோடு வாயையும் மூக்கையும் கட்டிக்கொண்டார்கள். என்னைத் தள்ளிச் சுவரோரம் ஒரு சாக்கு மேல் உட்கார வைத்தார்கள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று உதவியாட்களிடம் சொல்லியிருந்தது.

முதலில் எல்லாம் ஜோராக நடந்தது. அப்பா துண்டுக்கு மேலே புருவத்தைத் தூக்குவார், நான் சுவரோரத்திலிருந்து எனக்கு நானே பேசிக்கொள்வது போல வார்த்தையை விடுவேன். போர்வை என்பேன், பருப்பு இறங்கும். சுண்ணாம்பு என்பேன், சாம்பார் இன்னும் கொஞ்சம் கொதிக்கும். சுண்ணாம்பு போயிருச்சு என்பேன், விறகை இழுத்துவிடுவார். பேசக்கூடாத உதவியாட்களில் ஒருவர் என்னை மிகவும் பரிதாபமாகப் பார்த்தார். பிள்ளைக்குப் பேச்சுத் துணை இல்லாமல் புத்தி இப்படி ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்.

வீட்டு ஆச்சி நடுநடுவே வந்து பார்த்துவிட்டுப் போனார். சென்னையிலிருந்து வந்தவர், அந்தப் படைப்பை முன்னின்று நடத்துகிறவர். கண்ணாடி சங்கிலியில் தொங்கும். குரலே உயராது, ஆனால் அவர் வருகிற சத்தம் கேட்டால் உதவியாட்கள் நிமிர்ந்து நிற்பார்கள். என்னை ஒரு தடவை பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.

வெயில் முற்றத்தில் இறங்கியபோது பாயசத்துக்கு உருளி ஏறியது. பருப்பும் வெல்லமும் தேங்காய்ப்பாலும் சேர்த்துச் செய்கிற பாயசம், கடைசி அயிட்டம். அப்பா புருவத்தைத் தூக்கினார். நான் காத்திருந்தேன். கரும்பு லாரி வரவில்லை. மாமா பெட்டி வரவில்லை. அப்பா மறுபடியும் புருவத்தைத் தூக்கினார். பக்கத்தில் வடை வெந்துகொண்டிருந்தது, அதுகூட வரவில்லை. புகைகூட வரவில்லை. யாரோ என் மூக்கைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்ட மாதிரி இருந்தது.

அப்பாவின் வியாதி எனக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். அம்மை, கண்வலி எல்லாம் ஒட்டும் என்று ஸ்கூலில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள், இதுவும் ஒட்டுமாக இருக்கும். இனி எங்கள் வீட்டில் வேலை செய்கிற மூக்கு அம்மாவுடையது ஒன்றுதான், அதை இங்கே கொண்டுவர முடியாது. "ஒண்ணும் வரலப்பா" என்றேன். அவர் சும்மா தலையாட்டினார், இன்னும் பதம் வரவில்லை என்று எடுத்துக்கொண்டார் போல. "எனக்கும் போயிருச்சுப்பா" என்று சொல்லி அழுதுவிட்டேன்.

அப்பாவின் முகத்தில் கண் மட்டும்தான் வெளியே தெரிந்தது. அந்தக் கண்ணை நான் இன்றுவரை மறக்கவில்லை. கரண்டியை ஒரு உதவியாள் கையில் திணித்துவிட்டு வந்து என்னைத் தூக்கினார். பின்வாசல் வழியாகக் கிணற்றடிக்குப் போய் இறக்கிவிட்டு, துண்டை அவிழ்த்தார். படைப்பு நாளில் சமையல் முடிவதற்கு முன் அப்பா துண்டை அவிழ்த்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. வேப்பமரத்தில் ஒரு கொத்தைப் பறித்துக் கசக்கி என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"வருதா ஆத்தா? சொல்லு. வருதா?"

வரவில்லை. அழுததில் மூக்கு வேறு அடைத்திருந்தது. அவர் தன் வேட்டி முனையால் என் மூக்கைச் சிந்திவிட்டார். சாமி சாமி என்று முணுமுணுத்துக்கொண்டே மறுபடி கசக்கினார். கிணற்றடியில் காற்று வந்தது. ஈரப் பாசி, சோப்புத் தண்ணீர், பிறகு மெதுவாக வேப்பிலை, ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. "வருதுப்பா" என்றேன். அப்பா அப்படியே கிணற்றுத் திட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒரே எடத்துல ரொம்ப நேரம் இருந்தா மூக்கு அலுத்துப் போயிரும் ஆத்தா. பழகுனதச் சொல்லாது, புதுசா ஒண்ணு வந்தாத்தான் சொல்லும். நானும் முந்தி நேரத்துக்கு ஒரு தரம் வெளிய வந்து நின்னுட்டுத்தான் உள்ள போவேன். எனக்கு அது இல்லாமப் போனதுல, அதுக்கு அலுக்கும்கிறதே மறந்து போச்சு."

என் கண்ணைத் துடைத்துவிட்டு உள்ளே போகச் சொன்னார். துண்டைக் கட்டிக்கொண்டே பின்னால் வந்தார். பின்கட்டு நிலைவாசலில் ஒரு காலை வைத்தேன், அவ்வளவுதான். பூட்டியிருந்த அத்தனையும் ஒரேயடியாக வந்து மூஞ்சியில் அறைந்தது. வடை, சாம்பார், நெய், கருவேப்பிலை, விறகுப் புகை, எல்லாவற்றுக்கும் அடியில் மெலிசாக, தப்பவே முடியாமல், எங்கள் தெரு முனை.

"இஸ்திரி வண்டி! அப்பா, இஸ்திரி வண்டி!" என்று கத்தினேன்.

படைப்பு வீட்டில் அது வரைக்கும் யாரும் அப்படிக் கத்தியிருக்கமாட்டார்கள். கிண்டச் சொல்லி அப்பா விட்டுப் போன உதவியாள் தேங்காய்ப்பால் எடுக்க நகர்ந்திருந்தார், மற்றவர் வடைச் சட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். இரண்டு பேர் மூக்கும் துண்டுக்குள். அப்பா பாய்ந்துபோய் உருளிக்கு அடியிலிருந்த விறகை வெளியே இழுத்தார். இன்னொரு உருளியைக் காட்டி, அடியைச் சுரண்டாமல் மேலாக ஊற்று என்று கையாலேயே சொன்னார். பாயசம் இடம் மாறியது. பழைய உருளியின் அடியில் உள்ளங்கை அளவுக்கு ஒரு பழுப்பு வட்டம் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் மொத்தமும் போயிருக்கும், அதோடு அப்பாவின் பேரும் போயிருக்கும்.

நிமிர்ந்தால் ஆச்சி நின்றுகொண்டிருந்தார்.

"எந்த வண்டிக்காரன்டி இப்ப இங்கிட்டு வாரான்?"

பேசக்கூடாதவர்கள் மூன்று பேர், பேசத் தெரியாதவள் ஒருத்தி. ஆச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பழைய உருளியைக் குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு அப்பாவை, அரைகுறையாகக் கட்டியிருந்த துண்டை, அதற்கு மேலே இருந்த கண்ணை ரொம்ப நேரம் பார்த்தார்.

"படைக்கிற பண்டத்த மோந்து பாத்தியா?" என்று என்னிடம் கேட்டார்.

அது எவ்வளவு பெரிய கேள்வி என்று எனக்குத் தெரிந்திருந்தது. ஆமாம் என்றால் அத்தனை அண்டாவும் கீழே கொட்டப்படும். "மோந்து பாக்கல ஆச்சி" என்றேன். "வெளிய கெணத்தடியில இருந்தேன். உள்ள வந்தேன். அதுவா வந்துச்சு."

அது முழு உண்மை. உள்ளேயே உட்கார்ந்து கண்ணை மூடிக் காத்துக்கொண்டிருந்த வரைக்கும் எனக்கு ஒன்றும் வரவில்லை. எதையும் நினைக்காமல் நிலைவாசலைத் தாண்டியபோது அது தானாக வந்தது. ஆச்சி கண்ணாடியைக் கழற்றினார். "தானா வந்தாக் குத்தமில்ல. வேலையப் பாருங்க மாஸ்டர்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அப்பா உருளிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் முதுகு குலுங்கியது. புகையால் இருமுகிறார் என்று நினைத்தேன்.

முன்னோர்களுக்கு இலை போட்டு, கும்பிட்டு, பிறகு பங்காளிகள் பந்தியில் உட்கார்ந்தார்கள். ஒருவரும் குறை சொல்லவில்லை. மலேசியாவிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர் மட்டும் பாயசத்தில் இந்த வருடம் ஏதோ புதுப் பக்குவம் தெரிகிறது, நன்றாக இருக்கிறது என்று இன்னும் ஒரு கரண்டி கேட்டு வாங்கினார். ஆச்சி எனக்கும் இலை போடச் சொன்னார், பக்கத்தில் வந்து நின்று இரண்டு வடை வைத்தார். கிளம்பும்போது அப்பாவிடம், "அடுத்த வருசமும் புள்ளையக் கூட்டிட்டு வாங்க. அடிக்கடி வெளிய போய் நின்னுட்டு வரச் சொல்லுங்க" என்றார். ஆச்சிக்கு என்னை மிகவும் பிடித்துவிட்டது, புகையில் என் கண் எரியுமே என்று கவலைப்படுகிறார் என்று பெருமையாக இருந்தது. அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்பதும், தெரிந்தும் அந்த வீட்டுச் சமையலை அப்பாவிடமே விட்டுவைத்தார் என்பதும் என் சின்ன மண்டையில் ஏறவில்லை.

திரும்பி வரும்போது அப்பா மொபெட்டை மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டினார். திருமயம் கோட்டை தெரிகிற இடத்தில், இங்கே என்ன வாசம் என்று கேட்டார். கண்மாய்க் கரையில், இங்கே என்ன என்று கேட்டார். பரோட்டாக் கடை முன்னால் வண்டியை நிறுத்தியே கேட்டார். எனக்குத் தூக்கம் வந்தது. இருந்தாலும் தொழில் அல்லவா, அவர் முதுகில் சாய்ந்துகொண்டு ஒவ்வொன்றுக்கும் ஏதோ சொல்லிக்கொண்டு வந்தேன்.

அந்த வருடம் மற்ற வீட்டுப் படைப்புகளுக்கும் போனேன். அடுத்த வருடம் அப்பா என்னைக் கூட்டிப் போகவில்லை. அதற்குள் கொதிக்கிற சத்தத்தையும் நுரையின் பருமனையும் கரண்டி நகர்கிற கனத்தையும் வைத்தே பக்குவம் சொல்லப் பழகியிருந்தார். கடைசி நேரத்துக்கு மூக்குள்ள உதவியாள் ஒருவரைத் தயார் பண்ணிவிட்டார். மூக்கு திரும்பி வரவேயில்லை. ஆனால் சாயங்காலம் அம்மா அடுப்பைப் பற்றவைத்ததும் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்பதை மட்டும் அவர் விடவில்லை. நான் காலேஜுக்குப் போகிற வரைக்கும் அது நடந்தது. தொழிலில் ஏதோ சந்தேகம் இன்னும் பாக்கியிருக்கிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு கல்யாணமாகிச் சென்னைக்கு வந்தேன், கொரோனாவும் வந்தது. இரண்டாவது அலையில் என்னையும் பிடித்து ஒரு அறையில் அடைத்தார்கள். சப்பை மூக்கும் போயிற்று. வீட்டுக்காரர் கதவுக்கு வெளியே தட்டை வைத்துவிட்டுப் போவார். சோறு வெதுவெதுப்பான பஞ்சு, குழம்பு வெறும் உப்புத் தண்ணீர். பாதியை வைத்துவிட்டு எழுந்திருப்பேன். ஒரு நாள் தட்டை வெளியே தள்ளும்போது அதிலிருந்த மீதிச் சோற்றைப் பார்த்தேன். எங்கேயோ பார்த்த தட்டு போல இருந்தது. அப்பாவுக்குப் போன் போட்டேன்.

விஷயத்தைச் சொன்னதும் அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. டாக்டர் என்ன சொன்னார் என்றும் கேட்கவில்லை. "இரு" என்றார். போனை எங்கேயோ வைக்கிற சத்தம் கேட்டது. அடுப்புப் பற்றியது. வாணலி உட்கார்ந்தது. ஏதோ சிறிசாகக் கொட்டி உருண்டது.

"போர்வைய வெயில்ல போட்டாச்சு ஆத்தா. இன்னும் காயல, ஈரமா இருக்கு. கண்ண மூடிக்க." கரண்டி தேய்கிற சத்தம். "இப்பக் காஞ்சிருச்சு. எடுத்து மூஞ்சியில போட்டுக்க." கொஞ்ச நேரம் கழித்து, "லாரி போயிருச்சு, ரோடு பூராக் கரும்பாக் கெடக்கு" என்றார். பிறகு எதையோ தட்டுகிற சத்தம். "ஒங்க மாமா பெட்டியத் தொறக்குறாரு, தள்ளி நில்லு, கூட்டம் போடாத."

போனின் இந்த முனையிலும் மூக்கில்லை, அந்த முனையிலும் மூக்கில்லை. அப்பா இருபது வருடத்துக்கு மேலாக மோந்து பார்க்காத பாயசத்தை எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார், நான் நாலாம் வகுப்பில் அவருக்குக் கொடுத்த வார்த்தைகளில். மூடிய அறையில் என் மூக்குக்குள் ஒன்றும் வரவில்லை. ஆனால் மலேசியா மாமாவின் பெட்டி எங்கள் வீட்டு நடுவில் திறந்தது. என் வாயில் எச்சில் ஊறியது. எத்தனையோ நாள் கழித்து, தொண்டை தானாக ஏறி இறங்கியது.

"வந்துச்சா?" என்று கேட்டார். அடுப்படியில் என் எதிரே கண்ணை மூடி உட்கார்ந்திருந்த அந்த மனிதரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லச் சொல்ல அவர் விழுங்குவார். உடனே நான், அம்மா, அப்பாவுக்குப் பசிக்குது என்று கத்திக்கொண்டு தட்டைத் தேடி ஓடுவேன். அவர் அப்போதே சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார் என்பது எனக்குத் தெரியாது.